படிக்கப்படாத தீர்மானம் எண் 41: எங்கள் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், துணைத்தலைவர், உறுப்பினர்கள், ஆணையாளர் ஆகியோருக்கு,

மூன்று மாதங்களுக்கு முன் கூடிய நகர்மன்றக் கூட்டத்தில், சந்தைத் தெருவில் மீனும் காய்கறியும் விற்கும் பெண்களை அங்கிருந்து அகற்றிப் புறவழிச்சாலைக்கு அப்பால் அனுப்புவதென்று நீங்கள் முடிவு செய்தீர்கள். அந்த முடிவு எடுக்கப்பட்ட நேரத்தில் நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருக் குடிநீர்க் குழாயில் சாக்கடை நீர் கலந்து வருவது அன்றைய பொருள் நிரலில் இருந்ததால் அதற்காக வந்திருந்தேன். மொத்தம் ஐம்பத்து மூன்று பொருள்கள். எழுத்தர் ஒவ்வொரு பொருளின் எண்ணையும் முதல் வரியில் பாதியையும் படிக்க, முன்வரிசையில் இருந்து "பாஸ்" என்று ஒரு குரல் எழ, அவர் அடுத்த எண்ணுக்குப் போனார். முப்பதைத் தாண்டியதும் அதுவும் நின்றது. மீதமுள்ள பொருள்கள் அனைத்தும் ஏகமனதாக நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டு, எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். பின்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் கையில் தாளுடன் எழுந்து, பதினாறாம் பக்கத்தில் ஒரு சந்தேகம் என்று சொல்லத் தொடங்கினார். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று அவரை உட்காரச் சொன்னார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

41 என்ற எண் அந்த மன்றத்தில் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை. சந்தைத் தெருவுக்கு எதிரில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கும் நான், அந்தத் தெருவின் தலையெழுத்து மாற்றப்பட்ட அறையிலேயே இருந்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

விஷயம் வெளியே வந்தது, தெருவில் கடை போடுவோரிடம் தினக் கட்டணமான அடிக்காசை வசூலிப்பவர் வாய்வழியாகத்தான். இன்னும் இரண்டு மாதம்தான், அப்புறம் நீங்கள் யாரும் இங்கே இல்லை என்று அவர் ஒரு காலையில் சொல்லிவிட்டுப் போக, நெத்திலி, காரப்பொடி மீன்களைக் கூறு கட்டி விற்கும் ஒரு மூத்த பெண்மணி என் மேசைக்கு வந்து நின்றார். "என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தீர்மானத்தின் நகலைக் கேட்டேன். இருபத்தாறாம் நாள் நகல் வந்தது.

அதில் இருப்பது ஐந்தே வரிகள். சந்தைத் தெருவில் போக்குவரத்துக்கு இடையூறாக உள்ள ஆக்கிரமிப்புக் கடைகளை அகற்றுவது, அங்கே வியாபாரம் செய்வோருக்குப் புறவழிச்சாலை அருகில் நகராட்சிக்குச் சொந்தமான காலியிடத்தில் மாற்றிடம் தருவது, பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து மேற்படி இடத்தில் வணிக வளாகம் கட்ட மதிப்பீடு தயாரிப்பது. நான் தினமும் கிரயப் பத்திரம் எழுதுகிறவன். அரை சென்ட் நிலம் கைமாறினாலும் சர்வே எண், விஸ்தீரணம் என்கிற பரப்பு, செக்குபந்தி என்கிற நான்கு எல்லை மூன்றும் இல்லாமல் சார்பதிவாளர் முன்னால் அந்தத் தாளை வைக்க முடியாது. உங்கள் தீர்மானத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. எத்தனை பேர் அகற்றப்படுகிறார்கள், எத்தனை பேருக்கு மாற்றிடம், ஒருவருக்கு எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இல்லை. ‘மேற்படி இடம்’ என்ற சொல்லுக்குள் தெருவும் அடங்குமா, கட்டடம் மட்டுமா என்பதும் விளங்கவில்லை. வணிக வளாகத்தில் இந்தப் பெண்களுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு அந்த ஐந்து வரிகளில் பதிலே கிடையாது. ஒரு தனிமனிதர் தன் வீட்டுக் கொல்லையை விற்கக்கூட இதைவிடக் கவனமாக எழுதுவார்.

இதைவிட என்னை உறுத்தியது ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல். நகலை வாசித்துக் காட்டியபோது அந்த அம்மாள் தன் சுருக்குப் பையில் இருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஓர் அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மீன் ஈரம் பட்டு ஓரங்களில் உறை மங்கியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. தெருவோர வியாபாரிகள் அடையாள அட்டை. அவருடைய புகைப்படம், வரிசை எண், வியாபாரம் என்ற இடத்தில் மீன், விற்பனை இடம் என்ற இடத்தில் சந்தைத் தெரு, கீழே நகராட்சியின் முத்திரை. கொரோனா காலத்தில், 2020-இல், ஒன்றிய அரசு கொண்டுவந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கடன் பெற இந்த அட்டைதான் அவருக்கு ஆதாரமாக இருந்தது. கடனையும் அவர் ஒழுங்காகக் கட்டி முடித்திருக்கிறார். சந்தைத் தெருதான் உங்கள் விற்பனை இடம் என்று முத்திரை குத்திக் கொடுத்த அதே அலுவலகம், அதே ஆளை, அதே இடத்தில், இப்போது ஆக்கிரமிப்பாளர் என்று எழுதுகிறது. இரண்டில் எது உண்மை? அட்டை உண்மையென்றால் தீர்மானம் எப்படி நிற்கும்? தினமும் கை நீட்டி அடிக்காசு வாங்கி ரசீது கிழித்துக் கொடுப்பது ஆக்கிரமிப்பாளரிடம் இருந்தா? அந்த ரசீதுகளை நூலில் கோத்து வைத்திருக்கும் பெண்கள் அந்தத் தெருவில் பலர் இருக்கிறார்கள்.

சட்டமும் உங்கள் தீர்மானத்துக்கு ஆதரவாக இல்லை. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவும் அவர்களுடைய தொழிலை ஒழுங்குபடுத்தவும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2014 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதற்கான விதிகளை 2015-இல் வெளியிட்டது. கணக்கெடுப்பை முடித்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்தத் தெருவோர வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அதன் மூன்றாவது பிரிவு. இடம் மாற்றுவதற்கோ அகற்றுவதற்கோ முன்னால் முப்பது நாள் அறிவிப்பு தரவேண்டும் என்கிறது பதினெட்டாவது பிரிவு. ஏற்கெனவே இயங்கும் சந்தையை, விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கூடாது என்பது அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. இவற்றையெல்லாம் கவனிக்க நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் குழு நடத்திய கூட்டங்களின் குறிப்புகளை நான் கேட்டதற்கு, அப்படிப்பட்ட குறிப்புகள் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. தெருவில் வியாபாரம் செய்வது அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் உறுப்பு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், அதை நியாயமான முறையில் ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது. ஒழுங்குபடுத்துவதை யாரும் எதிர்க்கவில்லை. படிக்காமலே அகற்றுவது ஒழுங்குபடுத்துவது ஆகாது.

அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்பதை உங்களில் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு பக்கம் இருந்து வரும் பெண்கள் விடியலுக்கு முன்பே கடலூர் முதுநகரில் துறைமுகத்து ஏலத்தில் நிற்பார்கள். சங்கரா, கிழங்கான், கவலை என்று அன்றைக்குக் கிடைத்த மீனை, இரண்டு மூன்று பேர் காசு சேர்த்து ஒரு கூடை எடுத்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அன்னக்கூடையில் ஐஸைப் பொடித்துப் போட்டு, முதல் பேருந்தில் நம் ஊருக்கு வந்து இறங்கினால் காலை வியாபாரம். காலையில் விற்காதது மாலையில் போயாக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல், வேலை முடிந்து பேருந்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து போகிறவர்கள் வாங்கும் நூறு ரூபாய் மீன்தான் அந்தப் பெண்களின் லாபம். அதற்கு முன்னால் விற்றதெல்லாம் போட்ட முதலுக்கும் ஐஸுக்கும் சரியாகப் போய்விடும். இரவு எட்டு மணிக்குக் கூடையில் இரண்டு கூறு மிஞ்சினால், அதை மறுநாள் பாதி விலைக்குத் தள்ள வேண்டும், அல்லது உப்பிட்டுக் கருவாடாக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனும் கருவாடும்தான் அந்தப் பெண்களின் பிழைப்பை ஓட்டும்.

இந்த வியாபாரம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தின்மேல் நிற்கிறது: பேருந்து நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சந்தைத் தெரு இருக்கிறது. நீங்கள் காட்டும் இடம் பேருந்து நிலையத்தில் இருந்து இரண்டேகால் கிலோமீட்டர். என் வண்டியில் அளந்து பார்த்தேன். நூறு ரூபாய்க்கு மீன் வாங்க யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இந்தப் பெண்கள் மிச்சம் பிடித்த காசு, அங்கே நகரப் பேருந்து நிற்காத காரணத்தால் ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடும். இதைக் கணக்குப் போட ஒரு மதிப்பீட்டாளர் தேவையில்லை. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார்கள். ஆனால் யாரையும் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, அந்த இடம் தண்ணீர் நிற்கும் இடம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, சாத்தனூர் அணையில் இருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் திறக்கப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்த டிசம்பர் முதல் வாரத்தில், என் மைத்துனருடைய ஆடுகளை ஓட்டிவரப் புறவழிச்சாலைக்கு அப்பால் போனேன். சாலை மேட்டில் நின்று பார்த்தபோது நீங்கள் குறிப்பிடும் அந்தக் காலியிடம் குளமாக இருந்தது. நடுவில் உள்ள பழைய மோட்டார் கொட்டகையின் சுவரில் தண்ணீர் விட்டுப்போன சேற்றுக் கோடு இன்றும் இருக்கிறது. போன வாரம் போய் அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் நெஞ்சு உயரம். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், கோட்டுக்கு மேலே மட்டும்தான் வெள்ளை நிற்கிறது, கீழே உப்புப் பூத்து உதிர்ந்துவிட்டது. 2011 தானே புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில், வியாபாரத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதுதான். தீர்மானத்தில் தரைமட்டம் பற்றி ஒரு சொல் இல்லை. மண் கொட்டி உயர்த்துவீர்கள் என்றால், அந்தத் தண்ணீர் பக்கத்துக் குடியிருப்புக்குள் போகாமல் எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்தைத் தெருவில் நெரிசல் இல்லை என்று நான் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு அங்கே பேருந்து திரும்ப முடியாமல் நிற்பதையும், ஒருமுறை ஆம்புலன்ஸ் சைரனோடு பத்து நிமிடம் தவித்ததையும் என் மேசையில் இருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆம்புலன்ஸை மறித்தவை கூடைகள் அல்ல. இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனங்களும், சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு மினி லாரியும், கழிவுநீர்க் கால்வாயின்மேல் படிக்கட்டுக் கட்டித் தெருவுக்குள் நான்கடி நீட்டியிருக்கும் பெரிய கடைகளும்தான். மீன்காரப் பெண்கள்தான் முதலில் எழுந்து கூடையை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் வியாபாரம், மறுபக்கம் வாகனம் நிறுத்தத் தடை, சரக்கு வண்டிகளுக்கு இரவு நேரம், தரையில் மஞ்சள் கோடு என்று செலவில்லாத வழிகள் எத்தனையோ உண்டு. படிக்கட்டுகளை விட்டுவிட்டுக் கூடைகளை மட்டும் அகற்றினால் தெரு அகலமாகிவிடும் என்று நினைப்பது சரியல்ல. அதில் ஒரு பாரபட்சமும் தெரிகிறது.

அழுக்கு, நாற்றம் என்றும் சிலர் சொல்கிறார்கள். சந்தைக்குள் மீன் கழுவிய தண்ணீர் போக வடிகால் இல்லை. இருந்த வடிகால் மண் மூடிப் பல வருடமாகிறது. பெண்களுக்காகக் கட்டிய கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. விடியலுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பி இரவு எட்டு மணிவரை அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் சொல்லக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நகராட்சி செய்யத் தவறியதற்கு வியாபாரிகளைக் குற்றம் சாட்டக் கூடாது.

பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது, 2022 பிப்ரவரி 19 அன்று நாங்கள் வரிசையில் நின்று வாக்களித்தோம், நீங்கள் மன்றத்துக்குள் வந்தீர்கள். அன்று பதினாறாம் பக்கத்தைப் பற்றிக் கேட்க எழுந்த உறுப்பினர் யார் என்று எனக்குத் தெரியாது. நகல் வந்த பிறகுதான் தீர்மானம் 41 அந்தப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தேன். அவர் கேட்க வந்தது இதுவாக இருந்தால், அந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்துக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். உங்களோடு நிற்க அந்தத் தெரு முழுக்கத் தயாராக இருக்கிறது.

என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன். தீர்மானம் எண் 41-ஐ அடுத்த கூட்டத்திலேயே நிறுத்திவைத்து, அதைத் தனிப் பொருளாக மன்றத்தின் முன் மறுபடி வைத்து, முழுவதையும் வாய்விட்டுப் படித்து, விவாதித்து, யார் ஆதரித்தார் யார் எதிர்த்தார் என்பதைப் பெயரோடு பதிவு செய்யுங்கள். அப்படி வைப்பதற்கு முன்னால் சட்டம் சொல்கிறபடி நகர விற்பனைக் குழுவை அமைத்து, வியாபாரிகளுக்குள் தேர்தல் நடத்தி, கணக்கெடுப்பை முடித்து, சந்தைத் தெருப் பெண்களின் கருத்தை அந்தக் குழுவில் எழுத்தில் பெறுங்கள். அதுவரை அடையாள அட்டை வைத்திருக்கும், வைத்திருக்காத எவரையும் அந்தத் தெருவில் இருந்து அகற்றமாட்டோம் என்று ஆணையாளர் கையெழுத்திட்ட அறிவிப்பைச் சந்தை வாசலில் ஒட்டுங்கள். வாய்வழி மிரட்டல் வேண்டாம்.

மாற்றிடம் என்று எதைச் சொன்னாலும் அதன் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, 2015-லும் 2024-லும் அங்கே ஏறிய தண்ணீரின் உயரம் ஆகியவற்றை அறிவிப்புப் பலகையில் வெளியிடுங்கள். வணிக வளாகத்தின் வரைபடத்தையும், அதில் தரைத்தளத்தில் தெருவோர வியாபாரிகளுக்கு எத்தனை இடம் என்பதையும், முன்பணம் எவ்வளவு என்பதையும் மதிப்பீட்டுக்கு முன்பே காட்டுங்கள். இதற்கிடையில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறப்பதற்கும் வடிகாலைத் தூர் வாருவதற்கும் எந்தத் தீர்மானமும் தேவையில்லை. இந்த வாரமே செய்யலாம்.

கூட்ட நடைமுறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். பொருள் நிரலைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நகராட்சி வாசலிலும் ஒவ்வொரு வார்டிலும் ஒட்டச் செய்யுங்கள். ஒருவரின் இடம், வீடு, தொழில் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும் மொத்தமாக நிறைவேற்றாதீர்கள். 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புறங்களில் தொடங்கிய, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையை எங்கள் வார்டிலும் ஒழுங்காகக் கூட்டி, சந்தை பற்றிய முடிவை முதலில் அங்கே வையுங்கள்.

இந்த மடலின் நகலில் சந்தைத் தெருப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். அதை அவர்களுடைய அடையாள அட்டை, அடிக்காசு ரசீது ஆகியவற்றின் நகல்களோடு அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். முப்பது நாளுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம். அடுத்த மன்றக் கூட்டம் மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடும்படி வையுங்கள். ஐந்து மணிக்கு அவர்கள் வியாபாரத்துக்கு உட்கார வேண்டும், அதற்கு முன்னால் பார்வையாளர் வரிசையில் இருக்க விரும்புகிறார்கள்.

இப்படிக்கு,
சந்தைத் தெருவுக்கு எதிரில் பத்திரம் எழுதும் ஒரு குடிமகன்
கடலூர் மாவட்டம்